பழைய மேசைக்கணினியின் பிராசசரை மாற்றுதல்: முதன்முறையாகச் செய்பவர்களுக்கு

மேசைக்கணினியின் பிராசசரைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவதற்கு, எவ்வளவு நிதானமாகச் செய்தாலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆனால் எந்தப் பிராசசரை வாங்குவது, அது நம்மிடம் உள்ள மதர்போர்டில் (பாகங்கள் எல்லாம் இணையும் முதன்மைப் பலகை) இயங்குமா என்பதை உறுதிசெய்துகொள்ள ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்படலாம். நான் பார்த்தவரையில், பொருத்தும்போது எதையாவது உடைத்தவர்களைவிட, பொருந்தாத பிராசசரை வாங்கிவிட்டுத் திகைத்தவர்களே அதிகம். ஆகவே இக்கட்டுரையில் பெரும்பகுதி ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே இருக்கும். அதைத் தாண்டிச் சென்று கழற்றும் பகுதியிலிருந்து தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தமிழில் செயலி என்ற நல்ல சொல் இருக்கிறது. இன்று அது கைப்பேசி ஆப்களையே பெரும்பாலும் குறிப்பதால், குழப்பம் வராதிருக்கப் பிராசசர் என்றே எழுதுகிறேன்.

மந்தத்துக்குக் காரணம் பிராசசர்தானா?

கணினி மந்தமாக இருக்கிறது என்பதாலேயே பிராசசரை மாற்றிவிடக் கூடாது. வழக்கமாக நீங்கள் செய்யும் வேலையைச் செய்துகொண்டே, விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பத்து நிமிடம் கவனியுங்கள். சிபியு, அதாவது பிராசசர், 20 விழுக்காட்டில் இருக்க, ஹார்டு டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்றுகொண்டிருந்தால், உங்களுக்குத் தேவை சுழலும் பகுதி இல்லாத, வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி. புதிய பிராசசர் அங்கே எதையும் மாற்றாது. தற்காலிக நினைவகமான ரேம் நிரம்பி வழிந்தால் முதலில் ரேமைக் கூட்ட வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து விண்டோஸை இயக்கும் கணினி எதுவானாலும், முதல் செலவு எஸ்எஸ்டிக்கே என்பது என் உறுதியான கருத்து.

சிபியு வரைபடம் மட்டும் ஒரு நுணுக்கத்தை மறைத்துவிடும். அந்த வரைபடத்தின்மீது வலது சொடுக்கு செய்து, ஒவ்வொரு த்ரெட்டையும் (பிராசசர் ஒரே நேரத்தில் நடத்தும் வேலை இழைகளில் ஒன்று) தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு கோர்களில் (பிராசசருக்குள் தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்) ஒன்று மட்டும் முழுமையாக உழைத்து மற்ற மூன்றும் சும்மா இருந்தால், மொத்தப் பயன்பாடு 25 விழுக்காடு என்றே தெரியும். ஆனாலும் அந்த மென்பொருளை நிறுத்திவைத்திருப்பது பிராசசர்தான். அத்தகைய மென்பொருளுக்குக் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் பயனில்லை, ஒவ்வொரு கோரின் வேகமும் கூட வேண்டும். காணொளி மாற்றம், பெரிய நிரல்களைத் தொகுத்தல், முப்பரிமாணப் படமாக்கம் போன்றவற்றில் எல்லாக் கோர்களும் ஒருசேர நிரம்பும். அங்கே கூடுதல் கோர்கள் நேரடியாகவே நேரத்தை மிச்சப்படுத்தும். இந்த வேறுபாடு தெரிந்த பிறகே எந்தப் பிராசசர் என்ற கேள்விக்குப் போக வேண்டும்.

மதர்போர்டின் பெயரைக் கண்டறிதல்

உங்களிடம் இருக்கும் பிராசசரின் பெயரைவிட மதர்போர்டின் பெயர் முக்கியமானது. சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் இரண்டையும் காட்டும். அதன் மெயின்போர்டு பக்கத்தில் தயாரிப்பாளர், மாடல், சிப்செட் (பிராசசரையும் மற்ற பாகங்களையும் இணைக்கும் சில்லுகள்), இப்போதுள்ள பயாஸின் (கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு எண் ஆகிய நான்கும் இருக்கும். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் சாளரத்திலும், லினக்ஸில் டிஎம்ஐடிகோட் கட்டளையிலும் இவற்றில் சிப்செட் தவிர மற்றவற்றைப் பெறலாம். கேபினெட்டைத் திறந்து மதர்போர்டின்மீது அச்சிட்டிருப்பதையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒரே மாடல் பெயரில் முதல் திருத்தம், இரண்டாம் திருத்தம் என்று வெவ்வேறு பதிப்புகள் வருவதுண்டு. ஒன்றில் இயங்கும் பிராசசர் மற்றொன்றில் இயங்காமல் போகலாம். அந்தத் திருத்த எண் பெரும்பாலும் பலகையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

முழுக் கணினியாக ஒரு நிறுவனத்தின் பெயரில் வாங்கியதானால், மதர்போர்டைத் தேடுவதைவிட அந்தக் கணினியின் மாடல் எண்ணைக்கொண்டு தேடுவது நல்லது. அத்தகைய கணினிகளின் பயாஸ், அந்த நிறுவனம் விற்ற பிராசசர்களை மட்டுமே அறிந்திருப்பது வழக்கம்.

சாக்கெட், சிப்செட், பயாஸ்

மூன்று பூட்டுகள் உள்ள கதவைப்போல இதை எண்ணிக்கொள்ளலாம். பிராசசர் உட்காரும் சாக்கெட் முதலாவது, சிப்செட் இரண்டாவது, பயாஸ் மூன்றாவது. மூன்றும் திறந்தால்தான் கணினி உயிர்பெறும்.

இன்டெல் சாக்கெட்டுகளின் பெயரில் உள்ள எண், அதிலுள்ள தொடுமுனைகளின் எண்ணிக்கை. 2011-இல் வந்த எல்ஜிஏ 1155, இரண்டாம் மூன்றாம் தலைமுறைக் கோர் பிராசசர்களுக்கு உரியது. 2013-இல் வந்த எல்ஜிஏ 1150, நான்காம் தலைமுறைக்கு. 2015-இல் வந்த எல்ஜிஏ 1151, ஆறாம் ஏழாம் தலைமுறைகளுக்கு. 2020-இன் எல்ஜிஏ 1200, பத்தாம் பதினோராம் தலைமுறைகளையும், 2021-இன் எல்ஜிஏ 1700, பன்னிரண்டு முதல் பதினான்கு வரையிலான தலைமுறைகளையும் ஏற்கும். பிராசசரின் பெயரிலேயே தலைமுறை இருக்கிறது: ஐ5-2400 இரண்டாம் தலைமுறை, ஐ7-3770 மூன்றாம் தலைமுறை, ஐ5-10400 பத்தாம் தலைமுறை.

இந்த வரிசையில் புதியவர்கள் தவறாமல் தடுக்கி விழும் இடம் எல்ஜிஏ 1151. எட்டாம் ஒன்பதாம் தலைமுறைப் பிராசசர்களும் அதே பெயருள்ள, அதே அளவுள்ள சாக்கெட்டிலேயே வந்தன. ஆனால் அவற்றுக்கு 300 வரிசைச் சிப்செட் உள்ள மதர்போர்டுதான் வேண்டும். 100 அல்லது 200 வரிசை மதர்போர்டில் ஐ5-8400 ஒழுங்காக உட்காரும், கணினி மட்டும் கிளம்பாது. சாக்கெட் பெயர் ஒத்துப்போகிறது என்ற ஒரே காரணத்தால் வாங்கிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

சிப்செட்டால் வரும் கட்டுப்பாடுகள் இன்னும் பல. எல்ஜிஏ 1155 மதர்போர்டுகளில் எச்61 போன்ற 6 வரிசைச் சிப்செட்டுகள் முதலில் இரண்டாம் தலைமுறைக்காக வந்தவை. பயாஸைப் புதுப்பித்தால் மூன்றாம் தலைமுறையையும் ஏற்கக்கூடியவை. ஆனால் அதே வரிசையின் பி65, க்யூ65, க்யூ67 ஆகிய மூன்றுக்கும் இன்டெல் அந்த ஆதரவை வழங்கவில்லை. அலுவலகங்களில் இருந்து வெளிவரும் பழைய கணினிகளில் க்யூ67 பரவலாகக் காணப்படுவதால் இதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. சர்வர்களுக்கான ஜியான் இ3 பிராசசர்களை மலிவாக வாங்கிப் பயன்படுத்துவோர் உண்டு. இ3-1230 வி2, எல்ஜிஏ 1155-இன் சாதாரண மதர்போர்டுகள் பலவற்றிலும், இ3-1230 வி3, எல்ஜிஏ 1150-இலும் இயங்கும். ஆனால் வி5 முதல் அவற்றுக்கென்று தனிச் சிப்செட் வேண்டும் என்று இன்டெல் வரையறுத்துவிட்டது.

ஏஎம்டி பக்கம் நிலைமை மேலானது. ஏஎம்4 என்ற ஒரே சாக்கெட், ரைசன் 1000 வரிசையிலிருந்து 5000 வரிசை வரை நீடித்தது. 300 வரிசைச் சிப்செட் உள்ள பழைய மதர்போர்டுகள் பலவற்றுக்கும்கூட 2022-இல் ரைசன் 5000 ஆதரவு பயாஸ் வழியாகக் கிடைத்தது. நான்கு கோர், நான்கு த்ரெட் உள்ள ரைசன் 3 1200-இலிருந்து, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட் உள்ள ரைசன் 5 5600-க்கு அதே மதர்போர்டில் தாவ முடியும். இரண்டின் வரையறுக்கப்பட்ட மின்தேவையும் 65 வாட்தான். பழைய கணினியை மேம்படுத்துவதில் இதைவிடப் பயன்மிக்க வாய்ப்பு அரிது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஏஎம்4 மதர்போர்டுகளின் பயாஸ் சிப் சிறியதாக இருக்கும்போது, புதிய பிராசசர்களுக்கு இடம் தருவதற்காகப் பழையவற்றின் ஆதரவை நீக்கிய பதிப்புகளும் வெளிவந்திருக்கின்றன. ஆகவே பயாஸ் பதிப்பின் குறிப்புகளை முழுமையாகப் படித்துவிட்டே புதுப்பிக்க வேண்டும்.

மேற்சொன்னவை எல்லாம் ஒரு பொதுவான திசைகாட்டியே. இறுதித் தீர்ப்பு, உங்கள் மதர்போர்டின் தயாரிப்பாளர் தமது இணையப்பக்கத்தில் வெளியிட்டிருக்கும் பிராசசர் ஆதரவுப் பட்டியல். அதில் ஒவ்வொரு பிராசசருக்கு எதிரிலும், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து அது இயங்கும் என்ற விவரம் இருக்கும். அந்தப் பதிப்பு எண்ணையும் சிபியு-இசட் காட்டிய எண்ணையும் ஒப்பிட்டு, ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத பிராசசர் ஒருவருக்கு வேலை செய்தது என்று கேள்விப்பட்டாலும், முதல் முயற்சியில் அதை நம்பிப் பணத்தைப் போட வேண்டாம்.

மின்சாரமும் வெப்பமும்

பிராசசரின் பெட்டியில் அல்லது விவரக்குறிப்பில் டிடிபி (வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு) என்று வாட் கணக்கில் ஓர் எண் இருக்கும். மதர்போர்டின் மின்சுற்றும், பிராசசரைக் குளிர்விக்கும் கூலரும், பவர் சப்ளையும் அதைத் தாங்க வேண்டும். நவீன இன்டெல் பிராசசர்கள் டர்போ எனும் தற்காலிகக் கூடுதல் வேகத்தில் இயங்கும்போது இந்த எண்ணையும் மிஞ்சி மின்சாரத்தை இழுக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஏஎம்டியின் எஃப்எக்ஸ்-8350-க்கு 125 வாட் தேவை. ஆனால் ஏஎம்3+ சாக்கெட் கொண்ட விலை குறைந்த மதர்போர்டுகள் பல 95 வாட்டோடு நின்றுவிடும். சாக்கெட் பொருந்துகிறதே என்று அதைப் பொருத்தினால், பாரம் கூடும்போது வேகம் தானாகக் குறையும், அல்லது மின்சுற்று அளவுக்கு மீறிச் சூடேறும்.

கூலரைப் பற்றிப் பலரும் நினைப்பதே இல்லை. இரண்டு கோர் உள்ள பென்டியம் ஜி3220-க்கு 53 வாட். அதே எல்ஜிஏ 1150 சாக்கெட்டில் உட்காரும் ஐ7-4790-க்கு 84 வாட். பென்டியத்தோடு வந்த கூலர் முழுக்க அலுமினியத்தால் ஆன மெல்லிய தட்டையான ஒன்று. ஐ7 பிராசசர்களோடு வந்த பழைய இன்டெல் கூலரோ தடிமனானது, நடுவில் செப்பு உருளை உள்ளது. பழைய மெல்லிய கூலரையே மீண்டும் மாட்டினால் மின்விசிறி ஓலமிடும், பிராசசரும் தன் முழு வேகத்தை எட்டாது. கூலரையும் சேர்த்து வாங்குவதாகவே கணக்குப் போடுங்கள். எல்ஜிஏ 1156 முதல் 1200 வரை கூலரின் துளை இடைவெளி ஒன்றேதான், 75 மில்லிமீட்டர். எல்ஜிஏ 775-க்கு அது 72, எல்ஜிஏ 1700-க்கு 78.

எதை வாங்குவது, எதை வாங்க வேண்டாம்

கோர்களும் த்ரெட்டுகளும் இரட்டிப்பாகும்போது மாற்றம் கண்கூடாகத் தெரியும். மேலே சொன்ன ஜி3220-இல் இரண்டு கோர், இரண்டு த்ரெட். ஐ7-4790-இல் நான்கு கோர், எட்டு த்ரெட். இந்த மாற்றத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஐ5-4570-இலிருந்து அதே ஐ7-க்குப் போவதானால், கோர்கள் நான்குதான், த்ரெட்டுகள் மட்டும் கூடுகின்றன. காணொளி மாற்றம் செய்பவருக்கு அது உதவும், கடிதமும் கணக்கும் எழுதுபவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. கோர் 2 டுவோ காலத்து எல்ஜிஏ 775 கணினியில் பிராசசருக்குச் செலவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அந்தப் பணம் வேறொரு கணினிக்குப் போவதே முறை.

விண்டோஸ் 11-ஐயும் மனத்தில் வைக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் அதிகாரப்பூர்வப் பட்டியல் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தும், ரைசனில் பெரும்பாலும் 2000 வரிசையிலிருந்தும் தொடங்குகிறது. எல்ஜிஏ 1155-இலோ 1150-இலோ எவ்வளவு வேகமான பிராசசரைப் பொருத்தினாலும் அந்தப் பட்டியலுக்குள் நுழைய முடியாது. லினக்ஸைப் பயன்படுத்துவோருக்கு இந்தத் தடை இல்லை. ஏஎம்4 மதர்போர்டு வைத்திருப்பவர் ரைசன் 1000-இலிருந்து மேலே போவதற்கு இதுவே போதுமான காரணம்.

பெயரின் கடைசி எழுத்தையும் படியுங்கள். இன்டெலில் எஃப் என்று முடிவனவற்றில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. ரைசனில் ஜி என்று முடியும் 5600ஜி போன்றவற்றில் உண்டு, வெறும் 5600-இல் இல்லை. தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில், உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாத பிராசசரைப் பொருத்தினால் திரையில் எதுவும் வராது. பிராசசர் கெட்டுவிட்டது என்று எண்ணித் திருப்பி அனுப்புவோரும் உண்டு. டி என்று முடியும் இன்டெல் பிராசசர்கள் குறைந்த மின்சாரத்துக்காக வேகம் குறைக்கப்பட்டவை.

பழைய சாக்கெட்டுகளுக்குப் புதிய பிராசசர் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதால், பயன்படுத்தியதையே வாங்க நேரும். பிராசசர் எளிதில் தேய்ந்துபோகும் பொருள் அல்ல. நல்ல நிலையில் இருந்தால் தயங்க வேண்டியதில்லை. மேல்மூடியில் அச்சிட்ட மாடல் எண்ணையும், அடிப்பக்கத்தையும் காட்டும் தெளிவான படங்களைக் கேளுங்கள். மாடல் எண் இல்லாமல், இன்டெல் கான்ஃபிடென்ஷியல் என்று அச்சிட்டிருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த மாதிரி. அதை வாங்க வேண்டாம். ஏஎம்டி என்றால் அடிப்பக்க ஊசிகள் எல்லாம் நேராக வரிசையில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரைசன் ப்ரோ வகையில் சில, முதலில் இருந்த நிறுவனத்தின் மதர்போர்டோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருக்கலாம். பிறகு அவை வேறு நிறுவனத்தின் பலகையில் இயங்கா. விற்பவரிடம் இதைக் கேட்டுத் தெளிவுபெறுங்கள், திருப்பித் தரும் வசதி உள்ள இடத்திலேயே வாங்குங்கள்.

பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டியவை

பயாஸைப் புதுப்பிப்பது பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன் முடிய வேண்டும். பழைய பயாஸ் புதிய பிராசசரை அறியாது. புதிய பிராசசரோடு கணினி கிளம்பவில்லை என்றால், புதுப்பிக்கவும் பெரும்பாலும் வழியிராது. தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து உங்கள் மாடலுக்கும் திருத்தத்துக்கும் உரிய கோப்பைப் பதிவிறக்கி, எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த பென்டிரைவில் வைத்து, பயாஸுக்குள்ளேயே இருக்கும் புதுப்பிக்கும் வசதியால் செய்யுங்கள். இடைப்பட்ட ஒரு பதிப்பை முதலில் நிறுவ வேண்டும் என்று குறிப்பு இருந்தால், அந்த வரிசையைத் தவறாது பின்பற்றுங்கள். அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் போய்விட்டால் மதர்போர்டு செயலற்றுப் போகலாம் என்பதால், யுபிஎஸ் இணைத்துச் செய்வது பாதுகாப்பானது.

புதுப்பிப்பதற்கு முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பித்தாலும், பிராசசரை மாற்றினாலும் அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பக்கூடும். குறிப்பாக, சாட்டா இணைப்பு ஏஎச்சிஐ என்று இருந்ததா வேறாக இருந்ததா என்பதும், பூட் முறை லெகசியா யுஇஎஃப்ஐயா என்பதும் முக்கியம். இந்த இரண்டில் ஒன்று மாறினாலும் விண்டோஸ் கிளம்பாமல் நின்றுவிடக்கூடும். குற்றம் பிராசசரின்மீது விழும்.

அடுத்தது விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கர். விண்டோஸ் டிரைவ் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால், அதன் சாவி பிராசசரோடும் பயாஸோடும் பிணைந்த டிபிஎம் பகுதியில் இருக்கும். ரைசன் கணினிகளில் பிராசசரை மாற்றியதும் அந்தப் பகுதியை அழித்துப் புதிதாக அமைக்கவா என்று கணினி கேட்கும். மீட்புச் சாவி கையில் இல்லாமல் ஆம் என்று சொல்லிவிட்டால், உங்கள் கோப்புகள் திரும்ப வரா. ஆகவே மீட்புச் சாவியை வேறொரு கருவியிலோ தாளிலோ எழுதிவைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, பிறகே பயாஸையும் பிராசசரையும் தொடுங்கள். முக்கியமான கோப்புகளின் நகல் வெளியே இருக்கட்டும்.

கழற்றுதல்

தேவையானவை: நடுத்தர அளவுள்ள நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர், தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பசை), 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், நார் உதிராத துணி, நல்ல வெளிச்சம்.

கணினியைக் கழற்றுவதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் பாரமான வேலை ஒன்றைக் கொடுத்து ஓடவிடுங்கள். பழைய பேஸ்ட் இளகி, கூலர் எளிதாக விடுபடும். பிறகு அணைத்து, மின்கம்பியை உருவி, பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்தி மீதி மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டை மேசைமேல் படுக்க வைத்து, வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னூட்டத்தை இறக்கிவிடுங்கள். இடையிடையே அதையே மீண்டும் செய்யுங்கள். விரிப்பின்மீது நின்று வேலை செய்ய வேண்டாம்.

சிபியு ஃபேன் இணைப்பை முதலில் உருவுங்கள். இன்டெலின் பழைய கூலர்களில் நான்கு மூலைகளிலும் கறுப்புத் தலையுள்ள ஊசிகள் இருக்கும். ஒவ்வொன்றின் தலையையும் அதிலுள்ள அம்புக்குறியின் திசையில் கால்வட்டம் திருப்பி, மேல்நோக்கி இழுத்தால் விடுபடும். ஏஎம்டி கூலர் சில கொக்கியாலும் நெம்புகோலாலும் பிடித்திருக்கும், சில நான்கு திருகுகளால்.

இங்கே ஏஎம்4 கணினி வைத்திருப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ஏஎம்4 பிராசசரின் அடியில் 1331 ஊசிகள் உள்ளன. சாக்கெட் பூட்டியிருந்தாலும், கூலரை நேராக மேலே இழுத்தால் காய்ந்த பேஸ்டோடு ஒட்டிக்கொண்டு பிராசசரும் பிய்ந்துகொண்டு வந்துவிடும். எனக்கு அது ஒருமுறை நேர்ந்து, ஓரத்தில் இரண்டு ஊசிகள் வளைந்தன. மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை ஊசி வரிசைகளுக்கிடையே செலுத்தி, ஒரு மணி நேரம் போராடி நிமிர்த்த வேண்டியதாயிற்று. கூலரை மேலே தூக்குவதற்கு முன் இடமும் வலமுமாக மெதுவாகத் திருகிக் கொடுங்கள். பிடி விட்டது என்று கை உணர்ந்த பிறகே தூக்குங்கள். விடவில்லை என்றால் கணினியை மறுபடி இணைத்துச் சூடேற்றுவதே சரி, பலத்தைக் கூட்டுவது அல்ல.

கூலர் வந்ததும் பழைய பேஸ்டை ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்துவிட்டுச் சாக்கெட்டின் நெம்புகோலைத் திறவுங்கள். இன்டெலில் அதைக் கீழே அழுத்தி, சற்று வெளியே நகர்த்தி, முழுமையாக மேலே உயர்த்த வேண்டும். பிறகு உலோக மூடியைத் தூக்கலாம். ஏஎம்4-இல் நெம்புகோலைச் செங்குத்தாக நிறுத்தினால் போதும். பிராசசரை இரண்டு ஓரங்களில் பிடித்து நேராக மேலே எடுங்கள்.

பொருத்துதல்

இன்டெல் சாக்கெட்டைத் திறந்து வைத்திருக்கும் நேரம் முழுவதும் அதன்மேல் எதுவும் விழக் கூடாது. அங்குள்ள நுண்ணிய முனைகளில் ஒன்று வளைந்தாலும் நிமிர்த்துவது கடினம். விரலோ துணியோ ஸ்க்ரூடிரைவரோ அந்தப் பக்கமே போகாதிருக்கட்டும். பிராசசரின் ஒரு மூலையில் பொன்னிற முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் அதற்கு இணையான குறி உண்டு. இன்டெல் பிராசசரின் ஓரங்களில் உள்ள இரண்டு வெட்டுகளும் சாக்கெட்டின் மேடுகளோடு ஒத்துப்போக வேண்டும். குறிகள் சேர்ந்ததும் பிராசசரைக் கீழே வையுங்கள், அவ்வளவுதான். அது தன் எடையாலேயே அமர வேண்டும். அழுத்த வேண்டும் என்று தோன்றினால் ஏதோ தவறு, எடுத்துப் பாருங்கள்.

எல்ஜிஏ 1155 போன்றவற்றில் உலோக மூடியை இறக்கும்போது அதன் முன்பக்க வெட்டு, எதிரே உள்ள திருகின் தலைக்குக் கீழே போய் உட்கார வேண்டும். நெம்புகோலைக் கீழே கொண்டுவரும்போது கணிசமான எதிர்ப்பும் மெல்லிய நறநறப்பும் இருக்கும். முதன்முறை செய்பவர் இங்கே அஞ்சிக் கையை எடுத்துவிடுவது இயல்பு; பிராசசர் சரியாக அமர்ந்திருந்தால் அந்த எதிர்ப்பு இயற்கையானதே.

பேஸ்டும் கூலரும்

பிராசசர் மூடியின் நடுவில் ஒரு பட்டாணி அளவுக்குச் சற்றுக் குறைவாகப் பேஸ்டை வையுங்கள். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். புதிய கூலரின் அடியில் பேஸ்ட் முன்பே பூசப்பட்டிருந்தால் தனியாக வைக்க வேண்டியதில்லை. அடிப்பக்கத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் அதை உரித்துவிட்டீர்களா என்று இருமுறை பாருங்கள்.

கூலரை எப்போதும் எதிரெதிர் மூலைகளாக இறுக்க வேண்டும். ஊசி வகையானால் தலைகளை முதலில் பழைய நிலைக்குத் திருப்பிவைத்து, ஒரு மூலையையும் அதன் எதிர்மூலையையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஒவ்வொன்றும் பூட்டிக்கொள்ளும் ஓசை கேட்கும். நான்கும் பலகையின் பின்பக்கம் வரை முழுமையாக இறங்கியுள்ளனவா என்று பார்க்காமல் விடாதீர்கள். திருகு வகையானால் ஒவ்வொன்றாக முழுக்க இறுக்காமல், சுற்றிவந்து சிறிது சிறிதாக இறுக்குங்கள். இறுதியாக மின்விசிறியின் இணைப்பைச் சிபியு ஃபேன் என்று குறித்த இடத்திலேயே செருகுங்கள்.

முதல் இயக்கம்

கேபினெட்டை மூடுவதற்கு முன்பே இயக்கிப் பாருங்கள். முதல்முறை கணினி ஓரிரு தடவை தானாக அணைந்து எழலாம். திரையில் எதுவும் வராமல் ஒரு நிமிடமும் ஆகலாம். பொறுத்திருங்கள். பயாஸுக்குள் சென்று, புதிய பிராசசரின் பெயரும் முழு ரேம் அளவும் தெரிகின்றனவா என்று பார்த்து, எடுத்துவைத்த படங்களின்படி அமைப்புகளைத் திரும்ப வையுங்கள்.

எதுவுமே வரவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள். பிராசசருக்கென்று தனியாக வரும் 4 அல்லது 8 முனை மின்னிணைப்பு செருகப்பட்டிருக்கிறதா, திரையின் கம்பி கிராபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டியது மதர்போர்டில் இருக்கிறதா, ரேம் அசைந்துவிட்டதா. பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் எடுத்துவைத்துப் பயாஸைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள். கணினி கிளம்பியும் பாதி ரேம் காணவில்லை என்றால், இன்டெல் சாக்கெட்டில் முனை வளைந்திருக்கலாம், அல்லது கூலர் ஒரு பக்கமாக இறுகியிருக்கலாம். ரேமை மாற்றி மாற்றிச் செருகுவதற்கு முன் கூலரைத் தளர்த்திச் சமமாக இறுக்கிப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே தீர்த்துவைக்கும்.

விண்டோஸ் கிளம்பியதும் சிப்செட் டிரைவரைப் புதுப்பித்து, எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளால் வெப்பத்தைக் கவனித்தபடி, பிராசசருக்கு முழுப் பாரம் தரும் சினிபெஞ்ச் அல்லது பிரைம்95-ஐ இருபது நிமிடம் ஓடவிடுங்கள். இன்டெல் பிராசசர்கள் பொதுவாக 100 டிகிரி செல்சியஸை ஒட்டியும், ரைசன் 90 முதல் 95-ஐ ஒட்டியும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். முழுப் பாரத்தில் 80-க்குக் கீழே நின்றால் நிம்மதி. தொடங்கிய சில வினாடிகளிலேயே 95-ஐத் தொட்டால், பேஸ்டும் கூலரும் சரியாகப் படியவில்லை. உடனே நிறுத்தி, கூலரைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்துங்கள். பழைய பேஸ்டின்மேலேயே கூலரைத் திரும்ப வைக்கக் கூடாது. எல்லாம் சரியான பின் பிட்லாக்கரை மீண்டும் இயக்குங்கள்.

பழைய பிராசசரை உடனே விற்றுவிட வேண்டாம். புதியது வந்த பிளாஸ்டிக் தட்டிலேயே, ஏஎம்டி என்றால் ஊசிகள் அழுந்தாதபடி வைத்து, இரண்டு மூன்று வாரம் பத்திரப்படுத்துங்கள். இடையில் கணினி காரணமின்றி அணைந்தால், குற்றம் புதிய பிராசசரிலா மதர்போர்டிலா என்று பிரித்தறிய அது ஒன்றே உங்களிடம் இருக்கும் வழி.